தோட்டத்து மேடையில் கிட்டார் பெடலுக்குக் கரண்ட்: முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் பேண்ட் வாசிக்கும் இடங்கள் பெரும்பாலும் மேடைக்கென்று கட்டியவை அல்ல. மாரியம்மன் கோயில் முன்றில், பாடசாலை மண்டபம், தோட்டத்து மைதானம், பிரட்டுக்களத்துக்கு (காலையில் தொழிலாளர் கூடும் இடம்) பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகை என்று எங்கும் இருக்கும். கரண்ட் பக்கத்து லயத்திலிருந்தோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாடகை ஜெனரேட்டரிலிருந்தோ வரும். கிட்டார் ஒலியை மாற்ற காலால் மிதிக்கும் பெட்டிதான் பெடல். புதிதாக அதை வாங்கியவர்கள் வீட்டில் அழகாக ஒலித்த போர்டை (பெடல்களை அடுக்கிய பலகை) கொண்டுவந்து, முதல் பாட்டிலேயே இரைச்சலில் மாட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். பெடல் மோசம் என்று நினைத்து அதை விற்றவர்களும் உண்டு. பிழை பெரும்பாலும் பெடலில் இல்லை, அதற்குப் போகும் கரண்டில்.

நான் சொல்லப்போவதன் அடிப்படை ஒன்றுதான். இப்படிப்பட்ட இடங்களில் பெடலுக்குப் பெட்டரிதான் முதல் வழி, சுவர்ப் பிளக் இரண்டாவது. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிளக்கில் ஓட்டிவிட்டு, கரண்ட் போனால் பெட்டரியைத் தேடுகிறார்கள்.

"கரண்ட் போனால் ஸ்பீக்கர் பொக்ஸும் செத்துவிடும், பெடல் மட்டும் உயிரோடு இருந்து என்ன செய்ய?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டரி கரண்ட் கட்டுக்காக மட்டும் அல்ல. லைன் கரண்ட் ஏறி இறங்கும்போது பெடலுக்கு அது தெரியாது. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு விநாடியில் டிஜிட்டல் பெடல் அணைந்து, திரும்ப எழும்ப நேரம் எடுக்கும் தொல்லையும் இல்லை. முக்கியமாக, பெட்டரிக்கு எர்த் என்று ஒன்று கிடையாது. அதனால் எர்த் வழியாகச் சுற்றி வரும் இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே அற்றுப்போகும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். விலை மலிந்ததே போதும், ஆனால் டிசி வோல்ட் சரியாகக் காட்ட வேண்டும். 13 ஆம்ப் சொக்கட்டில் செருகும், மூன்று லைட் உள்ள சொக்கட் டெஸ்டர், முடிந்தால் வோல்டேஜும் காட்டுவது. பவர் பேங்க் இரண்டு, அல்லது 12 வோல்ட் பெட்டரி ஒன்று. டிஐ பொக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று, சிக்னல் வயரின் எர்த்தைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ளது. முழு நீளமும் எர்த் வயர் ஓடும் சொந்த எக்ஸ்டென்ஷன். 13 ஆம்ப் பிளக்குக்கு மாற்று ஃபியூஸ், உருண்டை முள் சொக்கட்டுக்கு ஒரு கன்வேர்ட்டர். இன்சுலேஷன் டேப், மார்க்கர் பேனா, தலையில் மாட்டும் டோர்ச்.

டோர்ச்சைச் சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் மேடைக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பதை நான் இன்னும் காணவில்லை.

1. ஒவ்வொரு பெடலும் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள்

இது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. பெடலின் அடியிலோ பின்பக்கத்திலோ அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் நான்கு விவரம் இருக்கும்: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை மில்லிஆம்ப், முள்ளின் நடுப்பகுதி மைனஸா பிளஸ்ஸா. நான்கையும் ஒரு தாளில் எழுதி, போர்டின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடு மைனஸ், 2.1 மில்லிமீற்றர் முள். விதிவிலக்குகள்தான் ஆளை வீழ்த்தும். பழைய டிஜிடெக் வாமி 9 வோல்ட் ஏசி கேட்கும். அதற்கு டிசி பெட்டரி உதவாது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட சில ஃபஸ் பெடல்கள் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மைனஸுக்குப் பதில் பிளஸ் முனை கிரவுண்டோடு சேர்ந்தவை. மற்றப் பெடல்களோடு ஒரே கம்பியில் அதைக் கோத்தால் பவர் சப்ளையே ஷோர்ட் ஆகும். அதற்குத் தனி 9 வோல்ட் பெட்டரி போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, அதிகம் நடக்கும் விபத்து. யமஹா கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டர் முள் பெடலின் துளைக்குள் அழகாகப் போய் உட்காரும். ஆனால் அது நடு பிளஸ். வைஃபை ரவுட்டர் அடாப்டர்களும் சிசிடிவி அடாப்டர்களும் பெரும்பாலும் அப்படித்தான். மேடை இருட்டில் கீபோர்ட்காரரின் வயரும் உங்கள் வயரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். சில பெடல்களுக்குள் பாதுகாப்பு டயோட் இருக்கும், தப்பிக்கும். இல்லாதது அந்த இடத்திலேயே போகும். உங்கள் அடாப்டர் முள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் டேப் ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். மஞ்சள் இல்லாத எதுவும் உங்கள் போர்டுக்குள் போகக் கூடாது.

2. மொத்தக் கணக்கைப் போடுங்கள்

வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்ப் மட்டும் தேவைக்கு மேல் இருக்கலாம். 2 ஆம்ப் கொடுக்கக்கூடிய சப்ளையில் 20 மில்லிஆம்ப் பெடலைப் போட்டால், பெடல் தனக்கு வேண்டிய 20-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆம்ப் கூடினால் பெடல் எரிந்துவிடும் என்று பயந்து, சின்ன அடாப்டரைத் தேடிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடாப்டர் திணறும், டிலே பெடல் பாதிப் பாட்டில் அணைந்து எரியும்.

ஓர் உதாரணம். டியூனர் 30, ஓவர்டிரைவ் 10, டிஸ்டோர்ஷன் 15, கோரஸ் 20, டிஜிட்டல் டிலே 65, பெரிய டிஜிட்டல் ரிவேர்ப் 300. கூட்டினால் 440 மில்லிஆம்ப். சப்ளை மூச்சு வாங்காமல் ஓட இதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு விடுங்கள். ஏறக்குறைய 600 மில்லிஆம்ப் கொடுக்கும் சப்ளை தேவை. பட்டியலைப் பாருங்கள்: அனலொக் பெடல்கள் (ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், கோரஸ்) எல்லாம் சேர்ந்து எடுப்பதை விட ரிவேர்ப் ஒன்றே பல மடங்கு எடுக்கிறது. பெட்டரித் தொல்லையைக் குறைக்க நினைத்தால், அன்றைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியது எது என்று கணக்கே சொல்லிவிடும்.

3. எந்தப் பெட்டரி என்று முடிவெடுங்கள்

மல்டி எஃபெக்ட் (பல பெடலின் வேலையை ஒன்றே செய்யும் பெட்டி) வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். சூம் ஜி1 ஃபோர், பொஸ் ஜிடி-1 ஆகியவை 4 ஏஏ பெட்டரியில் ஓடும். பொஸ் எம்ஈ-80 6 ஏஏ கேட்கும். ஆல்கலைன் பெட்டரி புதிதாகப் போட்டு, இன்னொரு செட் பையில் வைத்துக்கொண்டால் சரி. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண கார்பன் பெட்டரி இதற்குத் தாங்காது. இந்த வகையைக் கையில் வைத்துக்கொண்டு பிளக் தேடி அலைவதில் அர்த்தமே இல்லை.

தனித்தனிப் பெடல் வைத்திருப்பவருக்குப் பவர் பேங்க். பவர் பேங்க் 5 வோல்ட் கொடுக்கும், பெடலுக்கு 9 வேண்டும். நடுவில் வோல்டேஜை ஏற்றும் யூஎஸ்பி கேபிள் தேவை. கரண்ட் கட் காலத்தில் வைஃபை ரவுட்டருக்கென்று கடைகளில் தொங்கிய அதே கேபிள்தான். இரண்டு விஷயம் பாருங்கள். 12 வோல்ட் கேபிளும் 9 வோல்ட் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதோடு, ரவுட்டருக்கு வந்த கேபிள் நடு பிளஸ். மல்டிமீட்டரை டிசியில் வைத்து, சிவப்பு முனையை முள்ளின் நடுத்துளையிலும் கறுப்பை வெளி உலோகத்திலும் பிடியுங்கள். மைனஸ் 9 என்று காட்டினால் உங்கள் பெடலுக்குச் சரி. வெறும் 9 என்று காட்டினால் துருவம் மாற்றும் இணைப்பு ஒன்று வேண்டும்.

பவர் பேங்க் எவ்வளவு நேரம் தாங்கும்? 10,000 மில்லிஆம்ப் மணி என்று மேலே அச்சடித்திருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட் மணி. வோல்டேஜ் ஏற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 30 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன போர்டு 9 வோல்டில் 440 மில்லிஆம்ப் எடுத்தால் அது 4 வாட். தாளில் ஏழு மணித்தியாலம் வரும். பழைய பவர் பேங்க் என்றால் நான்கு, ஐந்து என்று நம்புங்கள்.

பவர் பேங்கில் ஒரு குணம் உண்டு. மிகக் குறைந்த கரண்ட் எடுத்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். இரண்டு ஓவர்டிரைவ் மட்டும் கோத்தால் இதுதான் நடக்கும். அப்படிப்பட்ட சிறிய போர்டுக்கு 9 வோல்ட் சதுரப் பெட்டரியே போதும். எதுவானாலும் ஒத்திகையில் ஒரு மணித்தியாலமாவது ஓட்டிப் பார்க்காமல் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எடையைத் தூக்க ஆள் இருந்தால், என் விருப்பம் யூபிஎஸ்ஸுக்குள் போடும் 12 வோல்ட் 7 ஆம்ப் மணி பெட்டரி. அதை 9 வோல்டாக இறக்கும் சிறிய மொடியூலோடு பெட்டிக்குள் அடக்கிவிடலாம். கணக்கில் 84 வாட் மணி. ஈயப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் பாதியைத்தான் கணக்கெடுக்க வேண்டும். அப்படியும் ஓர் இரவுக் கச்சேரி தாண்டும். பிளஸ் முனைக்கு மிக அருகில் 2 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்; வயர் ஷோர்ட் ஆனால் இந்தச் சின்னப் பெட்டரி வயரைச் சிவக்க வைத்துவிடும். மொடியூலின் சிறிய திருகாணியைத் திருப்பி 9 வோல்ட் வைத்ததும், அது அசையாதபடி ஒரு சொட்டுப் பசை வையுங்கள். லொறியின் பின்பக்கத்தில் கினிகத்தேனை வளைவுகளில் ஏறி வருவதற்குள் திருகாணி தானாகத் திரும்பி, 9 வோல்ட் 11 ஆகியிருக்கலாம்.

லைன் 6 எச்எக்ஸ் ஸ்டோம்ப் போன்றவை வேறு சாதி. அதன் அடாப்டரே 9 வோல்ட் 3 ஆம்ப். சாதாரண யூஎஸ்பி கேபிளில் அது எழும்பாது. அதை அதன் சொந்த அடாப்டரில், ஒரு சிறிய கம்ப்யூட்டர் யூபிஎஸ் வழியாக ஓட்டுங்கள். கரண்ட் போகும்போது யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தும். மெல்லிய பாட்டில் அது மைக்கில் விழும். கத்தலை நிறுத்தும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

4. எதை எதோடு கோர்ப்பது

ஒரே சப்ளையிலிருந்து சங்கிலிபோலப் பல முள் வரும் டெய்சி செயின் மலிவு. அனலொக் பெடல்களுக்கு அது போதும். டிஜிட்டல் டிலேயையும் ஓவர்டிரைவையும் ஒரே செயினில் போட்டால், டிஜிட்டல் பெடலின் சிப்பை ஓட்டும் துடிப்பின் (கிளொக்) சத்தம் கம்பி வழியாக வந்து, ஓவர்டிரைவில் பெருத்து, "கீ" என்று விசிலடிக்கும்.

ஒவ்வொரு துளையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. விலை அதிகம். அதற்குப் பதிலாக இரண்டு சிறிய பவர் பேங்க் வைத்து, அனலொக் எல்லாம் ஒன்றில், டிஜிட்டல் எல்லாம் மற்றதில் என்று பிரித்தால் ஏறக்குறைய அதே பயன். ஒரே பவர் பேங்கின் இரண்டு துளைகள் உள்ளே ஒரே மைனஸில் சேர்ந்திருக்கும். அதைப் பிரித்ததாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

5. போர்டிலிருந்து ஒரே ஒரு பிளக் வெளியே வர வேண்டும்

போர்டுக்குள் என்ன இருந்தாலும், மேடைக் கரண்டோடு சேர்வது ஒரே இடத்தில் இருக்கட்டும். அப்போதுதான் ஏதாவது நடந்தால் ஒரே இழுவையில் முழுவதையும் பிரிக்க முடியும். பவர் வயர்களைப் போர்டின் ஒரு விளிம்பிலும், சிக்னல் வயர்களை மறு விளிம்பிலும் ஓட்டுங்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர் குறுக்காகப் போகட்டும். இரண்டும் நீளத்துக்கு ஒட்டிப் படுத்திருந்தால் இரைச்சல் ஏறும்.

6. போனில் கேட்க வேண்டியவை

ஏற்பாட்டாளரிடம் "கரண்ட் இருக்கா?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் இருக்கு தம்பி, நீங்க வந்தா போதும்." அதனால் கேள்வியை மாற்றுங்கள். "மேடைக்குக் கரண்ட் எந்த வீட்டிலிருந்து வருது அண்ணே? அங்கிருந்து மேடைக்கு எத்தனை அடி? சீரியல் லைட்டும் அதே வயரிலா? ஜெனரேட்டர் யாருடையது, எத்தனை மணிக்குப் போடுவார்கள்? சொக்கட் சதுர முள்ளா, உருண்டை முள்ளா?"

தூரம் கேட்பதற்குக் காரணம் உண்டு. தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 150 மெகாவாட் உற்பத்தி செய்யக் கூடியது. ஆனால் அதே மலையில் மேட்டு லயத்தின் கடைசி வீட்டுக்குப் போகும்போது, மாலையில் எல்லா வீட்டிலும் கேத்தல் போட்டிருக்கும் நேரத்தில், பல்ப் மஞ்சளாகத்தான் எரியும். அந்த வீட்டு ஜன்னல் வழியாக மெல்லிய வயரை இன்னும் நூறு அடி இழுத்தால், மேடைக்கு வந்து சேரும்போது வோல்டேஜில் ஒரு பகுதி வயரிலேயே கரைந்திருக்கும்.

சவுண்ட் செட் கொண்டுவருபவரின் நம்பரையும் வாங்கிவிடுங்கள். உண்மையான பதில் அவரிடம்தான் இருக்கும்.

7. செருகுவதற்கு முன் சொக்கட்டைச் சோதியுங்கள்

பெடல் பெட்டரியில் ஓடினாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். உங்கள் கிட்டார் கம்பி, கேபிள் வழியாக மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மிக்ஸர் எந்தச் சொக்கட்டில் இருக்கிறதோ, அதன் குணம் உங்கள் விரலுக்கு வரும்.

சொக்கட் டெஸ்டரைச் செருகுங்கள். எர்த் இல்லை என்றாலும், பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் அதன் லைட் காட்டிக்கொடுக்கும். பழைய லய வீடுகளில் சொக்கட்டில் எர்த் துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அப்படியானால் வேறு சொக்கட் கேளுங்கள். கோயில் அலுவலக அறை, பாடசாலை அதிபர் அறை போன்ற இடங்களில் வயரிங் பெரும்பாலும் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும். சொக்கட்டைக் கழற்றித் திருத்துவது எலக்ட்ரீஷியனின் வேலை, கிட்டார்காரரின் வேலை அல்ல.

வோல்டேஜைப் பாருங்கள். நம் நாட்டில் இருக்க வேண்டியது 230. மேடை லைட் எல்லாம் போட்ட பிறகு பார்ப்பதுதான் உண்மையான அளவு. பகலில் எல்லாமே நன்றாகத்தான் காட்டும். 180-க்கு இறங்கினாலும், மேலே 100–240 என்று அச்சடித்த அடாப்டர் வழக்கம்போல் ஓடும். வெறும் 230 என்று மட்டும் போட்ட, கனமான ட்ரான்ஸ்ஃபோர்மர் அடாப்டர்தான் தள்ளாடும். குறைந்த வோல்டேஜை விட அதிக வோல்டேஜ்தான் ஆபத்து. 250-க்கு மேல் காட்டினால் எதையும் செருக வேண்டாம். ஒரு பக்கத்து லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்து, மறு பக்கம் மங்கினால், மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது 230-க்குப் பதில் 400-ஐ நோக்கி ஏறக்கூடும். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இன்னொரு பழக்கம்: இரண்டு முள் பிளக்கை 13 ஆம்ப் சொக்கட்டில் போட, எர்த் துளைக்குள் பேனாவைக் குத்தித் திறப்பது. எல்லா வீட்டிலும் செய்கிறோம்தான். மேடையில் அது பாதி செருகி, ஆடி ஆடிப் பொறி விடும். கன்வேர்ட்டரைப் போடுங்கள்.

8. லைட் ஒரு லைன், சவுண்ட் ஒரு லைன்

சீரியல் லைட், டிம்மர் போட்ட மேடை லைட், பக்திப் பாட்டு போடும் ஹோன், இவை எதோடும் உங்கள் பிளக் சேரக் கூடாது. டிம்மர் லைட் அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால், அந்த வெட்டு கிட்டாரில் "ஸ்ஸ்ர்" என்று கேட்கும். முடிந்தால் இரண்டு வேறு சொக்கட், வேறு பிரேக்கர்.

ஆனால் சவுண்ட் பக்கம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மிக்ஸர் ஒரு வீட்டிலும், கிட்டார் அம்ப் இன்னொரு வீட்டிலும் என்றால், இரண்டு எர்த்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் கேபிள் வழியாக ஓடும். இரைச்சல் மட்டுமல்ல, அடியும் வாங்கலாம்.

எக்ஸ்டென்ஷன் உருளையில் சுற்றியதாக இருந்தால், முழுவதையும் விரித்துவிடுங்கள். சுற்றியபடியே நிறையக் கரண்ட் ஓடினால் உள்ளே சூடேறி உருகும்.

9. போடும் வரிசை

முதலில் மிக்ஸரில் உங்கள் சேனலை மூடச் சொல்லுங்கள். பிறகு கிட்டார், பெடல், டிஐ பொக்ஸ், மிக்ஸர் என்று சிக்னல் வயர்களைக் கோத்துவிடுங்கள். அதன் பின் பெடலுக்குப் பவர். எல்லா லைட்டும் எரிந்து, டியூனர் கம்பியைக் காட்டிய பிறகு சேனலைத் திறக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர். வரிசை மாறினால் ஸ்பீக்கரில் "டப்" என்று அறையும். ஹோனின் டயாஃப்ரம் போனால் சவுண்ட்காரர் உங்களை மறக்க மாட்டார்.

டிஐ பொக்ஸை மேடையிலேயே வையுங்கள். போர்டிலிருந்து மிக்ஸர் வரை சாதாரண கிட்டார் கேபிளை இழுத்தால் அது வானொலி ஏரியல்போல எல்லாவற்றையும் பிடிக்கும். டிஐயிலிருந்து போகும் பேலன்ஸ்ட் மைக் கேபிளுக்கு அந்தத் தொல்லை குறைவு. பவர் இல்லாத பாஸிவ் டிஐ இந்த மாதிரி இடங்களுக்கு இன்னும் வசதி. உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவைக்கும்; மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வருகிறதா என்று சவுண்ட்காரரிடம் கேட்கத் தேவையில்லை.

10. உதட்டை மைக்கில் வைக்கும் முன்

பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் இதைத் தவறவே விட வேண்டாம். ஒரு கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில். இரண்டும் வேறு எர்த்தில் இருந்தால் சுருக்கென்று அடிக்கும். ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நின்றால் இன்னும் மோசம்.

மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் பிரிட்ஜிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் தொடுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் பரவாயில்லை. பத்து, இருபது என்று ஏறினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை பாட வேண்டாம். எர்த் இல்லாத மிக்ஸர், இடம் மாறிய பேஸ், பழைய ட்யூப் அம்ப், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மைக்கில் ஸ்பொஞ்ச் உறை போட்டால் உதட்டில் படாது. ஆனால் அது கோளாறை மறைப்பதே தவிரத் தீர்ப்பதல்ல.

பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றினால் இரைச்சல் போகும் என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். போகும், உண்மைதான். அதோடு, ஏதாவது பழுதானால் கரண்ட் திரும்பிப் போக இருந்த ஒரே பாதையும் போகும். அப்புறம் அந்தப் பாதை நீங்கள்தான். டிஐ பொக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் இதே இரைச்சலை நிறுத்தும், அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும். மேடைக் கரண்டுக்கு 30 மில்லிஆம்ப் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். அது அடிக்கடி விழுந்தால், விழவிடாமல் கட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மேடையில் நான் ஏறுவதில்லை.

11. இரைச்சலை ஒழுங்காகத் தேடுங்கள்

சவுண்ட் செக்கில் இரைச்சல் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லா வயரையும் ஆட்டுவார்கள். நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கிட்டாரின் வோல்யூமைப் பூச்சியம் ஆக்குங்கள். இரைச்சல் நின்றால் அது கிட்டார் பிக்கப் வழியாக வருகிறது. சிங்கிள் கொய்ல் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) என்றால் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள், ஒரு திசையில் குறையும். அந்தத் திசையில் நின்றே வாசியுங்கள். நிற்காவிட்டால் போர்டின் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். இப்போது நின்றால் குற்றம் சுவர்க் கரண்டில். அப்போதும் நிற்காவிட்டால் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட்டை அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் போர்டைத் தாண்டி, கிட்டாரை நேரே டிஐயில் போடுங்கள். இரைச்சல் இருந்தால் அது சவுண்ட்காரரின் பக்கம். இல்லையென்றால் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

சத்தத்தின் குணமும் துப்புக் கொடுக்கும். தாழ்ந்த "ம்ம்" என்றால் எர்த் சுற்று. கூர்மையான "கீ" என்றால் டிஜிட்டல் பெடலோ மலிவான வோல்டேஜ் ஏற்றும் கேபிளோ. "டிக் டிக் டிரர்" என்றால் யாரோ போர்டின் மேல் போனை வைத்திருக்கிறார்கள்.

12. ஜெனரேட்டர், மழை, பனி

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் வோல்டேஜும் வேகமும் சுமைக்கு ஏற்ப ஆடும். எண்ணெய் தீரும் நேரத்தில் இழுத்து இழுத்து ஓடும்போது ஆட்டம் அதிகம். கச்சேரி தொடங்கும் முன்னே டாங்கை நிரப்பச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைப் போட்டு, ஓட்டம் நிதானமான பிறகுதான் சவுண்டைக் கொடுக்க வேண்டும். லைனிலிருந்து மாறப்போகிறார்கள் என்றால் அம்பையும் மிக்ஸரையும் மூடி வையுங்கள். பெடல் பெட்டரியில் தன்பாட்டில் இருக்கட்டும்.

மின்னல் காலம் தெரிந்ததுதான்: மார்ச், ஏப்ரல் பிற்பகல்கள்; பிறகு ஒக்டோபர், நவம்பர். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நிகழ்ச்சிகள் சரியாக அந்த நேரத்தில் விழும். இடி நெருங்கினால் சுவர்ப் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. பெட்டரியில் ஓடும் போர்டாக இருந்தாலும் மிக்ஸருக்குப் போகும் கேபிள் ஒரு வழிதான், அதையும் கழற்றுங்கள்.

தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமும், வருடக் கடைசியில் பதுளை, பண்டாரவளைப் பக்கமும் மேடைக்கு மேல் படங்கு கட்டுவார்கள். படங்கில் தண்ணீர் தேங்கி, தேங்கி, ஒரே இடத்தில் கொட்டும். அந்த இடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போர்டை வையுங்கள். மல்டி பிளக்கைத் தரையில் போடாமல் கம்பத்தில் கட்டுங்கள். அதைப் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைப்பது நல்லதல்ல. உள்ளே வியர்த்து அங்கேயே நனையும். மேலே மட்டும் மூடி, அடியைத் திறந்துவிடுங்கள்.

பனியில் வந்த போர்டை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் திறக்க வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். குளிரில் ஆல்கலைன் பெட்டரியும் சோர்ந்துபோகும். மாற்று பெட்டரியை ஜேர்சிக்குள் வைத்திருங்கள்.

13. முடிந்ததும்

பெடலுக்குள் 9 வோல்ட் பெட்டரி இருந்தால், இன்புட் துளையிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பெடல் அணைந்திருந்தாலும் பெட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஈயப் பெட்டரியை வீட்டுக்குப் போன இரவே சார்ஜில் போடுங்கள். இறங்கிய நிலையில் நாட்கணக்கில் கிடந்தால் திரும்ப எழும்பாது. சார்ஜில் இருக்கும்போது அதிலேயே பெடலை ஓட்டினால் சார்ஜரின் இரைச்சலும் சேர்ந்து வரும் என்பதால், ஒத்திகைக்கும் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். போர்டின் அடியில் ஒட்டிய தாளில் அந்த இடத்தின் பெயர், எந்தச் சொக்கட் நல்லது, லைட் போட்டபின் வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த வருடத் திருவிழாவுக்கும் அதே ஜன்னல் வழியாகத்தான் வயர் வரும்.